காலங் கடந்த காதலும் பிராங்கர் சமுதாயமும்: காலப்பயணக் காதற் புனைகதை பற்றிய ஒரு திறனாய்வு

1

நவீன உலகைச் சேர்ந்த ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண், விபத்தொன்றினாலோ விளக்கமுடியாத நிகழ்ச்சியொன்றினாலோ பல நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட சமுதாயமொன்றிற் சென்று சேர்கிறார். அங்கே அக்காலத்து ஆடவன் ஒருவனைக் காதலிக்கிறார். திரும்பிச் செல்வதா, தங்கிவிடுவதா என்னும் போராட்டத்தினூடே கதை தன் முடிவை நாடுகிறது. காலப்பயணக் காதற் புனைகதையின் அமைப்பு சுருக்கமாக இதுவே. இவ்வகை நூல்களைப் பொழுதுபோக்கு எழுத்தெனக் கூறி ஒதுக்கிவிடுதல் திறனாய்வாளருக்கு எளிது. ஆயின் கடந்த காலம் பற்றிய தம் எண்ணங்களைப் பெருந்தொகையான வாசகர் வரலாற்று நூல்களிலிருந்தன்றி இத்தகைய கதைகளிலிருந்தே பெறுகின்றனர். அவ்வாறாயின் அவை எதனைப் புகட்டுகின்றன என்று வினவுவது திறனாய்வின் கடமைகளுள் ஒன்றாகின்றது.

நுனித்து நோக்கின் இவ்வகைப் புனைவு ஒரு கோட்பாட்டைத் தன் அடிப்படையாகக் கொண்டிருப்பதைக் காணலாம். உணவும் உடையும் மொழியும் சட்டமும் காலத்துக்குக் காலம் மாறும்; காதல் ஒன்றே மாறாது என்பது அக்கோட்பாடு. இதனை ஏற்றுக்கொண்டால் வரலாறு வெறுந் திரைச்சீலையாகிவிடும். எக்காலத்தைத் தெரிந்தெடுத்தாலும் அதன் முன்னே அதே நாடகத்தை நடத்தலாம். இக்கோட்பாட்டைச் சோதிப்பதற்குப் பிராங்கர் உலகு தக்க களமாகும். ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியிலே குளோவிஸ் மன்னனுடன் எழுச்சி பெற்று, 843 இல் வேர்டன் உடன்படிக்கையினால் மூன்றாகப் பிரிக்கப்படும்வரை நிலைத்த இவ்வரசு, 'இருண்ட காலம்' என்ற வழக்காற்றினால் மறைக்கப்பட்டுள்ளது. அவ்விருளைக் காட்டி, எழுத்தாளர் தாம் விரும்பியதை எழுதிக்கொள்ளத்தக்க வெற்றிடமாக அதனைக் கருதுவது இயல்பு. உண்மையில் மணவுறவு, கவர்ந்து செல்லல், சீதனம், அடிமை நிலை என்பன பற்றி அக்காலத்தவர் விட்டுச்சென்ற சான்றுகள் பலவாகும். புனைவு அவற்றை எதிர்கொள்ளும்போது நிகழ்வது யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

2

இவ்விலக்கிய வகையின் மரபினை முதலிலே சுருக்கமாக நோக்குதல் வேண்டும். மார்க் துவெயின் 1889 இல் வெளியிட்ட ஆதர் மன்னன் அவைக்குச் சென்ற அமெரிக்கனின் கதை, ஆறாம் நூற்றாண்டுப் பிரித்தானியாவைக் களமாகக் கொண்டது. அது அங்கத நூலென்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயினும் அதன் இறுதியில், பதின்மூன்று நூற்றாண்டுகள் உறங்கியெழுந்த கதாநாயகன், தன் மனைவி சாண்டியையும் குழந்தையையும் காலத்தின் மறுகரையிலே விட்டுவந்தவனாக, அவள் பெயரை அழைத்தபடியே இறக்கிறான். தொழில்நுட்பத்தினால் ஒரு காலத்தை வெல்லலாம் என்று இறுமாந்தவன் அக்காலத்துப் பெண்ணொருத்தியால் வெல்லப்படுகிறான். பிற்காலக் காலப்பயணக் காதற் கதைகள் அனைத்துக்கும் உரிய துயரம் இவ்விறுதியிலேயே முழுமையாக அமைந்துவிட்டது எனலாம்.

பிராங்கர் உலகுக்குக் காலத்தாலும் இடத்தாலும் மிக அண்மையில் நிற்பது எல். ஸ்பிரேக் டி காம்ப் 1939 இல் எழுதிய 'இருள் சூழாதிருக்க' என்னும் பொருள்படத் தலைப்பிடப்பட்ட நாவலாகும். மாட்டின் பாட்வே என்னும் தொல்லியலாளன் 535 ஆம் ஆண்டின் உரோமிலே, கிழக்குக் கோத்தரின் ஆட்சியிலே, வந்து சேர்கிறான். இந்நூலின் சிறப்புக்களுள் ஒன்று மொழிப் பிரச்சினையை அது மறைக்காமையாகும். பாட்வே தான் கற்ற இலத்தீனையும் நவீன இத்தாலியத்தையும் கலந்து தட்டுத்தடுமாறியே பேசத் தொடங்குகிறான். மற்றையது, காதல் பற்றிய அதன் நேர்மை. கோத்த இளவரசி மத்தசுவிந்தாவின் அழகில் மயங்கும் பாட்வே, போட்டியாளரைக் கொன்றுவிடுதல் அவளுக்கு அன்றாட அரசியல் என்பதை உணர்ந்ததும் அஞ்சி, அவளை வேறொருவனுக்கு மணமுடித்துவைக்க வழிதேடுகிறான். இது நகைச்சுவையாகவே கூறப்படுகிறது. ஆயின் அந்நகையினுள்ளே ஓர் அறிவு உண்டு: அழகு காலத்தைக் கடந்து தெரியலாம்; மனம் அவ்வாறு தெரிந்துவிடுவதில்லை.

1991 இல் வெளிவந்த டயானா கபல்டனின் 'அவுட்லாண்டர்' இவ்வகையினைப் பெருவழக்காக்கியது. 1945 ஆம் ஆண்டின் தாதியொருத்தி 1743 ஆம் ஆண்டின் ஸ்கொட்லாந்துக்குச் செல்கிறாள். அங்கே அவள் புரியும் திருமணம் காதலினால் அன்றி, ஆங்கிலப் படைத்தலைவனிடமிருந்து தப்புவதற்கான சட்டப் பாதுகாப்பாகவே தொடங்குகிறது. கணவன் அவளை அடிக்கும் நிகழ்ச்சியையும் ஆசிரியர் மறைக்கவில்லை. இவை பாராட்டத்தக்கன. எனினும் தலைவன் படிப்படியாக வாசகியின் காலத்து இலட்சிய ஆடவனாக உருமாறுவதை நூல் தவிர்க்கவில்லை, தவிர்க்க விரும்பவுமில்லை.

இவற்றுக்கு மறுதலையாக நிற்பது ஒக்டேவியா பட்லரின் 'கின்ட்ரெட்' (1979). 1976 ஆம் ஆண்டின் கலிபோர்னியாவிலிருந்து கறுப்பினப் பெண் டேனா, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே, மேரிலாந்தின் அடிமைப் பண்ணையொன்றுக்கு இழுக்கப்படுகிறாள். பண்ணை முதலாளியின் மகன் ரூபஸ் அவளுடைய மூதாதை. அவன் ஆலிஸ் என்னும் பெண்ணை விரும்புகிறான். அதனைக் காதல் என்றே அவனும் நம்புகிறான். ஆனால் அவளை விலைகொடுத்து வாங்கத்தக்கவனாக இருக்கையில் அச்சொல்லுக்குப் பொருள் யாது? பட்லர் எழுப்பும் இவ்வினா, காலப்பயணக் காதற் புனைவு முழுவதன்மீதும் எழுப்பப்படவேண்டிய வினாவாகும். பிராங்கர் சமுதாயத்தை நோக்குகையில் அது மேலும் கூர்மை பெறுகிறது.

3

குளோவிசின் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் சாலிய சட்டத்தொகுப்பு, உடலுக்கும் மானத்துக்கும் விலை குறிக்கும் நூலாகும். சுதந்திரப் பிராங்கன் ஒருவனைக் கொன்றதற்குரிய இழப்பீடு 200 சொலிடஸ் பொற்காசுகள். பிள்ளைபெறும் வயதிலுள்ள சுதந்திரப் பெண்ணைக் கொன்றால் 600. அவ்வயதைக் கடந்தவளாயின் மீண்டும் 200. பெண்ணின் பெறுமதி எதில் தங்கியிருந்தது என்பதை இவ்வெண்களே உரைக்கின்றன. சுதந்திரப் பெண்ணொருத்தியின் கையையோ விரலையோ பற்றியவன் 15 சொலிடஸ் செலுத்தவேண்டும். முழங்கைக்கு மேலே பற்றினால் 35. பிற்பட்ட ரிப்புவாரியச் சட்டம் நல்ல எருதொன்றை 2 சொலிடஸாக மதிப்பதை இதனோடு ஒப்பிடுக. காதற் கதைகளிலே தலைவன் தலைவியின் கையை முதன்முறை பற்றுவது மென்மையான தருணம். இங்கே அத்தருணம் ஏழு எருதுகளுக்கு மேற்பட்ட விலையுடையது. அவ்விழப்பீட்டுக்குப் பின்னால் நிற்பது மகளின் கூச்சத்தைவிடக் குடும்பத்தின் மானமே எனலாம்.

கைம்பெண்ணை மணக்க விரும்புபவன் ஊர்மன்றிலே, கேடயம் வைக்கப்பட்டு முறைப்படி கூட்டப்பட்ட அவையின் முன், மூன்று சொலிடசும் ஒரு தெனாரியசும் செலுத்தவேண்டும் என்று அதே சட்டம் விதித்தது. பெண்ணைக் கவர்ந்து சென்றவனுக்குரிய தண்டம் அறுபத்திரண்டரை சொலிடஸ். உடன்போக்கிலே தலைவி தானே விரும்பிச் செல்வதைக் கவர்தலிலிருந்து வேறுபடுத்திக் காணத் தமிழ்ப் பொருளிலக்கண மரபு நமக்குக் கற்றுத்தந்துள்ளது. பிராங்கச் சட்டத்தின் நோக்கிலே கவர்தலால் முதன்மையாக ஊறுபடுவது அவளுடைய உறவினரின் உரிமை. இவ்வுலகிலே வந்திறங்கும் நவீனப் பெண்ணுக்கு உறவினர் எவருமில்லை. அவளுக்காக இழப்பீடு கேட்பவர் இல்லை. சத்தியம் செய்பவர் இல்லை. அவளைச் சீதனத்தோடு கையளிப்பவரும் இல்லை. புனைகதை அவளது தனிமையைச் சுதந்திரமாகக் காட்டும். அச்சமுதாயத்திலோ உறவற்ற தனிமை, அடிமைத்தனத்துக்கு அடுத்தபடியான ஆபத்தாகும்.

அரசகுலத்தாரும் இதற்கு விலக்கானவரல்லர். விசிகோத்த இளவரசி கல்சுவிந்தா பெருஞ் சீதனத்தோடு சில்பெரிக் மன்னனுக்கு மனைவியாக வந்து, ஏறத்தாழ 568 இல் படுக்கையிலே கழுத்து நெரிக்கப்பட்டு மாண்டாள். தூர்ஸ் நகர் ஆயர் கிரகரி இதனைப் பதிவு செய்துள்ளார். அவளுக்கு மணக்கொடையாகவும் மறுநாட் காலைக் கொடையாகவும் வழங்கப்பட்ட போர்டோ முதலிய ஐந்து நகரங்கள் யாருக்குரியன என்பது 587 ஆம் ஆண்டின் அண்டெலோ உடன்படிக்கையிலும் பேசப்பட்டது. அவள் இறந்து இரு தசாப்தங்கள் ஆகவிருந்த நிலையிலும் அவளது திருமணம் நிலவுரிமையாக உயிர்வாழ்ந்தது. துரிஞ்சிய இளவரசி ராதகுண்டாவோ 531 ஆம் ஆண்டுப் போரிலே சிறைபிடிக்கப்பட்டு, வென்ற மன்னனுக்கே மனைவியாக்கப்பட்டவள். தன் சகோதரன் கொல்லப்பட்டபின் அவள் கணவனை விட்டு நீங்கி, புவாத்தியே நகரிலே மடமொன்றை நிறுவினாள். தங்குவதா நீங்குவதா என்னும் வினா அவளுக்கும் எழுந்தது. அவள் நீங்கியது மடத்துக்கே. நீங்குவதற்கு அவ்வுலகு பெண்களுக்குத் திறந்துவைத்த வாயில்களுள் உறுதியானது அதுவே.

இச்சான்றுகளைக் கொண்டு பிராங்கர் காலத்தில் அன்பே இருக்கவில்லை என்று முடிவுகட்டினால் அதுவும் பிழையாகும். காதல் மாறாதது என்பது ஒரு மிகை. காதல் நவீனரின் கண்டுபிடிப்பு என்பது மற்றொரு மிகை. 841 ஆம் ஆண்டின் இறுதியில் ஊசேஸ் நகரிலே எழுதத்தொடங்கி 843 இன் தொடக்கத்தில் முடித்த தன் நூலிலே, டூவோதா என்னும் உயர்குலப் பெண் பதினாறு வயது மகன் வில்லியத்துக்கு அறிவுரை கூறுகிறாள். மகன் அரசனிடம் பிணையாக இருக்கிறான். இரண்டாம் குழந்தை, திருமுழுக்குப் பெறுமுன்பே தந்தையிடம் எடுத்துச் செல்லப்பட்டமையால், அதன் பெயர்கூடத் தாய்க்குத் தெரியாது. கணவனின் அலுவல்களுக்காகக் கடன்பட்டதையும் அவளே கூறுகிறாள். அந்நூலில் அன்பு நிறைந்துள்ளது. ஆனால் அது கடமை, கடன், குலம், பிணை என்பவற்றுக்கு வெளியிலே அன்றி, அவற்றின் ஊடாகவே பேசுகிறது.

4

பிராங்கர் உலகைக் களமாகக் கொண்ட காதற் புனைவு நம் காலத்தில் தோன்றிய ஒன்றன்று. அதன் தொடக்கம் பன்னிரண்டாம் நூற்றாண்டிலே உள்ளது. லோர்ஷ் மடத்தின் வரலாற்றுச் சுவடி ஒரு கதையைக் கூறுகிறது. சாளிமேனின் மகள் எம்மாவை, அவையிலே பணிபுரிந்த ஐன்ஹார்ட் இரவிலே இரகசியமாகச் சந்திக்கிறான். விடியுமுன் பனி பெய்து முற்றத்தை மூடிவிடுகிறது. ஆடவனின் காலடித் தடம் களவைக் காட்டிக்கொடுக்கும். எனவே எம்மா அவனைத் தன் முதுகிலே சுமந்து முற்றத்தைக் கடக்கிறாள். உறக்கமின்றி நின்ற பேரரசன் அதனைக் காண்கிறான்; அவையோரைக் கலந்தபின் இருவரையும் மன்னித்து மணமுடித்துவைக்கிறான். அழகிய கதை. ஷூபேர்ட் 1823 இல் இயற்றிய இசைநாடகத்திலும் லோங்பெலோவின் கவிதையிலும் இக்காதலர் மீண்டும் தோன்றுகின்றனர்.

ஆயின் சாளிமேனின் வரலாற்றை எழுதிய ஐன்ஹார்ட் தரும் அரசிளம் பெண்களின் பட்டியலிலே எம்மா என்ற பெயர் இல்லை. அங்கே காணப்படுவது வேறொரு செய்தி. பேரரசன் தன் புதல்வியர்மீது கொண்ட அன்பினால் அவர்களை எவருக்கும் மணமுடித்துக் கொடாது தன் இல்லத்திலேயே வைத்திருந்தான். அதனால் எழுந்த அவப்பேச்சை அறிந்தும் அறியாதவனாக இருந்தான் என்பதே அது. மூத்த மகள் ரொத்ருதுக்கும் பைசாந்தியத்தின் ஆறாம் கொன்ஸ்தந்தீனுக்கும் 781 இல் நிச்சயிக்கப்பட்ட மணம் பின்னர் கைவிடப்பட்டது. மற்றொரு மகள் பேர்த்தாவுக்கும் அவைக் கவிஞன் அங்கில்பேர்ட்டுக்கும் இடையிலான உறவிலே பிறந்த நிதார்ட், வரலாற்றாசிரியனாகித் தன் பெற்றோர் யாரென்பதைத் தானே எழுதிவைத்தான். 814 இல் தந்தை இறந்ததும், புதிய பேரரசன் லூயி தன் சகோதரியரை அரண்மனையிலிருந்து வெளியேற்றினான்.

லோர்ஷ் துறவி செய்தது யாது? அரசவைக் காதற் கவிதைகள் பரவிக்கொண்டிருந்த தன் நூற்றாண்டின் உணர்வை மூன்று நூற்றாண்டுகள் பின்னோக்கி எடுத்துச்சென்று, மூலச்சான்று மறுத்த மணத்தை அரசன் மகளொருத்திக்கு வழங்கினார். யந்திரமோ மாயக் கல்லோ இன்றி நிகழ்ந்த காலப்பயணம் இது. இன்றைய புனைகதாசிரியரைப் பொய்யர் என்று நகைப்பவர், இம்மரபு எத்துணைப் பழமையானது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். அதேவேளை அக்கதை மறைத்துவிட்டதையும் காணவேண்டும். மன்னிக்கும் தந்தையின் உருவம், மணமறுத்த தந்தையின் உருவத்தை மூடிவிட்டது. பனியிலே காலடித் தடத்தை மறைத்தவள் எம்மா. வரலாற்றின் தடத்தை மறைத்தது அக்கதை.

5

ஐன்ஹார்ட்டுக்கு உண்மையாகவே எம்மா என்னும் மனைவி இருந்தாள். அரசன் மகளல்லள். 836 இல் அவள் இறந்தபோது, இளம் அறிஞனான லூபுசுக்கு அவன் எழுதிய கடிதம் எஞ்சியுள்ளது. நாள்தோறும், ஒவ்வொரு செயலிலும், வீட்டு நிருவாகத்தின் ஒவ்வோர் ஒழுங்கிலும் அவளது இழப்பை உணர்வதாகவும், ஆறத்தொடங்கும் புண் மீண்டும் மீண்டும் திறப்பதாகவும், தான் நம்பிய புனிதர்கள் கைவிட்டதாக எண்ணம் எழுவதாகவும் முதியவன் அதிலே கூறுகிறான். பனி முற்றமும் இரவுச் சந்திப்பும் இதில் இல்லை. கணக்கு, களஞ்சியம், வேலையாட்கள், அவற்றினிடையே வெறுமையான ஓரிடம் ஆகியனவே உள்ளன. பிராங்கர் காலத்துக் காதலைத் தேடுபவர் புராணக் கதையை விட்டு இக்கடிதத்திடம் வரவேண்டும்.

அதே கடிதத் தொகுதியிலே இன்னும் இரு செய்திகள் உள்ளன. மொஸ்பாகைச் சேர்ந்த வெனிலோ என்னும் அடிமையொருவன் சுதந்திரப் பெண்ணொருத்தியை மணந்துவிட்டு, உடையவரின் சினத்துக்கு அஞ்சிப் புனிதர் மார்செல்லினுஸ், பேதுரு ஆகியோரின் ஆலயத்திலே தஞ்சம் புகுந்திருந்தான். அவனுக்காகப் பரிந்து பிளித்ருத் என்னும் பெண்மணிக்குக் கடிதம் எழுதியவள் எம்மாவே. ஹுன்னோ என்னும் மற்றொருவன், தன்னைப் போலவே அடிமையான ஒருத்தியை உடையவனின் ஆணையின்றி மணந்து, அதே ஆலயத்துக்கு ஓடிவந்தான். அவனுக்காக எழுதியவன் ஐன்ஹார்ட். உரோமிலிருந்து 827 இல் அப்புனிதரின் எச்சங்களைக் கொணர்வித்தவனும் அவனே. அவ்வெச்சங்களின் நிழலே இவ்வேழைகளுக்குக் கோட்டையாயிற்று.

வெனிலோவின் நிலை எத்துணை ஆபத்தானது என்பதை ரிப்புவாரியச் சட்டத்தின் விதியொன்று உணர்த்தும். அடிமையொருவனைப் பின்பற்றிச் சென்ற சுதந்திரப் பெண்ணின் உறவினர் அதனை எதிர்த்தால், அரசன் அல்லது கோமகன் அவள்முன் ஒரு வாளையும் ஒரு நூற்கோலையும் நீட்டவேண்டும். வாளை எடுத்தால் அவள் அந்த அடிமையைக் கொல்லவேண்டும். நூற்கோலை எடுத்தால் அவனோடு தானும் அடிமையாக வாழவேண்டும். எப்புனைகதையும் இதனினும் கொடிய தெரிவொன்றைத் தன் தலைவிக்கு அளித்ததில்லை. இவ்விதி எத்தனை முறை நடைமுறையில் வந்தது என்பது வேறு வினா. இத்தகைய பெண்கள் இருந்தனர் என்பதையும், நூற்கோலை எடுக்கக்கூடியவர்களும் இருந்தனர் என்பதையும் சட்டம் எதிர்பார்த்தது, அது போதும்.

6

மேற்கூறியவற்றால் இவ்வகைப் புனைவை மதிப்பிடுவதற்கு மூன்று அளவைகள் பெறப்படுகின்றன. முதலாவது மொழி. மக்களுக்குரிய மறையுரைகள் நாட்டுப்புற உரோமானிய மொழியிலோ ஜெர்மானிய மொழியிலோ நிகழ்த்தப்படவேண்டும் என்று 813 இல் தூர்ஸ் நகரிற் கூடிய திருச்சபை மன்றம் விதித்தது. 842 இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரிலே அரச சகோதரர் இருவர் ஒருவர் படைக்கு மற்றவர் மொழியில் உறுதிமொழி செய்தனர். அவ்வுலகத்தவருக்கே விளங்காமை ஒரு பிரச்சினையாக இருக்கையில், வந்திறங்கிய மறுநாளே தலைவனோடு உரையாடும் தலைவி நம்பத்தகாதவள். இரண்டாவது உறவு. தலைவி யாருடைய பாதுகாப்பில் நிற்கிறாள், அதற்காக எதனைக் கொடுக்கிறாள் என்பதைக் கதை சொல்லவேண்டும். மூன்றாவதும் முதன்மையானதும் அடிமை நிலை. தலைவன் உயர்குலத்தவனாயின் அவனது மண்டபத்தைக் கூட்டுபவள் யார்? அவளை அவன் மணக்கத் தேவையில்லை என்பதைத் தலைவி எப்போது அறிகிறாள்? அறிந்தபின்னும் அவனைக் காதலிப்பாளாயின் எவ்வாறு? இவ்வினாவைத் தவிர்க்கும் நூல் காலப்பயணம் செய்யவில்லை. தன் காலத்திலேயே இருந்துகொண்டு ஆடை மாற்றிக்கொள்கிறது.

இவ்வளவைகளைக் கொண்டால் பட்லரின் நூல் உயர்ந்து நிற்கும். டி காம்பின் நூல் தன் எல்லைக்குள்ளே நேர்மையானதாகும். கபல்டனின் நூல் தொடக்கத்திலே காட்டும் துணிவை இறுதிவரை காத்துக்கொள்ளவில்லை எனலாம். பிராங்கர் உலகை எழுத முன்வருபவர் கையிலே லோர்ஷ் துறவியின் கதையும் ஐன்ஹார்ட்டின் கடிதங்களும் இருக்கின்றன. முன்னதைத் தெரிவது எளிது. வாசகர் விரும்புவதும் அதுவே. பின்னதைத் தெரிபவர், நாயகரும் இளவரசியருமின்றி, ஆலயத்தின் வாயிலிலே மன்னிப்பை எதிர்நோக்கி நிற்கும் அடிமைகளை எழுதவேண்டியிருக்கும்.

ஹுன்னோவுக்கு மன்னிப்புக் கிடைத்ததா என்பதை ஐன்ஹார்ட்டின் கடிதம் கூறவில்லை. அவனது பெயரைக் கூறும் அக்கடிதம், எவளுக்காக அவன் ஓடிவந்தானோ அப்பெண்ணின் பெயரைக் கூறவில்லை; உடையவனின் அடிமை என்று மட்டுமே அவளைக் குறிக்கிறது. பிராங்கர் உலகைப் பற்றிய காதற் புனைகதை எழுதப்படுமாயின் அது அவளுக்கு ஒரு பெயரிடுவதிலிருந்து தொடங்கலாம்.